நாகர்கோவில் பக்கம் ஆலிவ் எண்ணெய் வாங்குபவர்கள் டின்னில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

மார்ச் மாதம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "தேங்காய் எண்ணெயைக் குறைச்சுக்குங்க, முடிஞ்சா எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் சேருங்க" என்றார். குமரி மாவட்டத்து வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அவியல், துவரன், மீன் குழம்பு எல்லாவற்றுக்கும் எங்களுக்குச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய்தான். அப்பாவுக்காக என்று அம்மா ஒத்துக்கொண்டார்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் 5 லிட்டர் டின் வாங்கினேன். முன்பக்கம் பெரிய பச்சை ஸ்டிக்கர்: 'எக்ஸ்ட்ரா விர்ஜின், இதயத்துக்கு உகந்தது'. விலை 4,800 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'எண்ணெய் 5 லி' என்று எழுதிக் கொடுத்தார்கள். இருந்த அவசரத்தில் நானும் அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் சந்தேகப்பட்டது அம்மாதான். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "எண்ணெய்னா ஒரு வாசம் வேண்டாமா மக்கா? இதுல ஒண்ணுமே இல்லியே" என்றார். கடைக்கு போன் செய்து கேட்டேன். "நல்லா சுத்தம் பண்ணின எண்ணெய்க்கு வாசம் இருக்காது சார்" என்றார்கள். நம்பினேன். இரண்டு மாதம் அப்பாவுக்கு அதில்தான் சமையல்.

இத்தாலியில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் லீவுக்கு வந்தபோது ஒரு ஸ்பூன் வாயில் விட்டுப் பார்த்தாள். "அண்ணா, தொண்டை காறவே இல்லையே, இது எக்ஸ்ட்ரா விர்ஜினே இல்லை" என்றாள். ஸ்டிக்கரை நனைத்துப் பிய்த்தோம். அடியில் 'ஆலிவ் போமேஸ் ஆயில்' என்று அச்சாகியிருந்தது. எம்.ஆர்.பி. 3,150.

ஆலிவ் பழத்தை அரைத்து, ரசாயனம் எதுவும் சேர்க்காமல், அதிகச் சூடும் காட்டாமல் எடுப்பது விர்ஜின். அதில் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டாமல், மணத்திலும் ருசியிலும் குறை இல்லாமல் இருந்தால்தான் எக்ஸ்ட்ரா விர்ஜின். 'பியூர்', 'லைட்' என்று வருபவை பெரும்பாலும் சுத்திகரித்த எண்ணெயில் கொஞ்சம் விர்ஜின் கலந்தவை. (லைட் என்றால் ருசியும் மணமும் குறைவு, அவ்வளவுதான். கலோரி குறையாது.) போமேஸ் என்பது பிழிந்து மிஞ்சிய சக்கையில் ஹெக்சேன் போன்ற கரைப்பானை விட்டு எடுத்து, சுத்திகரித்து, கொஞ்சம் விர்ஜின் சேர்த்து விற்பது. செக்கில் ஆட்டிய பிறகு கிடக்கும் புண்ணாக்கிலிருந்து மறுபடி எண்ணெய் எடுப்பது மாதிரி.

போமேஸ் விஷம் இல்லை. சமையலுக்கு விற்க அனுமதி உண்டு, பொரிக்க நன்றாகவே ஆகும், ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பான ஒலிக் அமிலமும் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ட்ரா விர்ஜினுக்கு என்றே இருக்கும் பாலிஃபீனால்கள் (பழத்திலிருந்து எண்ணெயில் இறங்கும் இயற்கைப் பொருள்கள்) சுத்திகரிப்பில் பெரும்பாலும் போய்விடும். தொண்டையைக் காறவைக்கும் ஓலியோகாந்தால் அவற்றில் ஒன்று. ஸ்பெயினில் இதய நோய் வரும் ஆபத்துள்ள சுமார் 7,400 பேரை வைத்து 'ப்ரெடிமெட்' ஆய்வு நடத்தினார்கள். 2013இல் வெளியாகி, குறைகளைத் திருத்தி 2018இல் மறுபடி வந்தது. காய்கறி, மீன், பயறு நிறைந்த சாப்பாட்டோடு எக்ஸ்ட்ரா விர்ஜின் சேர்த்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்ந்து சுமார் 30 சதவீதம் குறைந்தது. அவர்களுக்குக் கொடுத்தது போமேஸ் இல்லை. கூடுதல் பணம் போனதைவிட, நெஞ்சு நோயாளிக்கு என்று சொல்லிக் கேட்டும் இதை எடுத்துக் கொடுத்தார்களே என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைக்குப் போனேன். "ஸ்டிக்கரை நீங்களே ஒட்டிட்டு வந்தா நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார் முதலாளி. பில்லும் கையில் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. அதற்கு இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

இப்போது அப்பாவுக்குக் கறுப்புக் கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர்தான் வாங்குகிறோம். வெளிச்சமும் சூடும் பட்டால் நல்ல எண்ணெயும் கெட்டுப்போகும், நம் ஊர் வெயிலுக்குப் பெரிய டின் ஒத்துவராது. அப்புறம், இப்படிப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய டின் உங்கள் வீட்டில் இருந்தால் அவசரப்பட்டுப் பிய்த்துவிடாதீர்கள். ஒட்டியிருக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பிய்ப்பதை வீடியோவாக எடுங்கள். நான் பிய்த்த பிறகுதான் போட்டோ எடுத்தேன்.