அடிமையைப் பற்றி இரண்டு வசனங்கள்

1823இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த ஊர் எங்கள் சிங்கப்பூர். போன ஞாயிறு தோ பாயோ காப்பிக்கடையில், பைபிள் வாசிப்பு முடிந்து வந்த எங்கள் பேச்சு அடிமைத்தனத்திலேயே நின்றுவிட்டது.

யாத்திராகமம் 21:20-21: எஜமான் கோலால் அடித்து அடிமை அங்கேயே இறந்தால் தண்டனை உண்டு. ஓரிரு நாள் உயிரோடு இருந்தால் இல்லை, ஏனென்றால் அடிமை அவன் உடைமை. “அந்தக் காலத்தில் எஜமானைக் கேள்வி கேட்டதே பெரிசுண்ணே” என்றான் தம்பி. சரி, ஆனால் அடிபட்டவன் இடத்தில் நின்று படித்தால் அந்தச் சமாதானம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

உபாகமம் 23:15-16 வேறு மாதிரி. தப்பி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்காதே, அவனுக்குப் பிடித்த ஊரில் குடியிருக்கட்டும், அவனை ஒடுக்காதே. பழங்கால பாபிலோனில் ஹமுராபி அரசனின் சட்டம், ஓடிவந்த அடிமையை வீட்டில் ஒளித்து வைத்தவனுக்கு மரண தண்டனை விதித்தது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உபாகமத்தின் துணிச்சல் புரிகிறது. அயல்நாட்டிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு மட்டுமே இது என்று சிலர் சுருக்குவார்கள். அப்படி ஒரு வரம்பு வசனத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை.

முதலாவது உரிமையாளனின் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். இரண்டாவது ஓடுகிறவனுக்குக் கதவைத் திறக்கிறது. என் பிள்ளைகளுக்கு உபாகமத்தைத்தான் முதலில் வாசித்துக் காட்டுவேன். அப்புறம் மற்றதையும், மறைக்காமல்.