சமுர்த்தியிலிருந்து அஸ்வெசும: யாழ்ப்பாணத்தில் இந்தச் சேவை எப்படி?

சமுர்த்தி என்ற பழைய வறுமை நிவாரணத் திட்டத்தின் இடத்துக்கு அரசு கொண்டுவந்த நலன்புரிக் கொடுப்பனவுதான் அஸ்வெசும. அதைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில் சொல்ல வேண்டும். காசு வந்து சேருகிற விதம் சமுர்த்தியைவிட நல்லது, அதில் சந்தேகமில்லை. அந்தக் காசு யாருக்கு என்று முடிவெடுக்கிற விதம் சமுர்த்தியைவிட ஒழுங்கானது, ஆனால் வீட்டுக்குள் இருக்கிற கஷ்டம் அதன் கண்ணில் படாது. அலைகிறவர்களில் அநேகம் பேர் இரண்டாவதில்தான் அகப்பட்டிருக்கிறார்கள். அதிலும் பெரும்பாலானது, தங்களைப் பற்றி என்ன பதியப்பட்டது என்று பார்க்காமல் விட்டதால் வருவது.

சமுர்த்தி 1995 இல், அதற்கு முந்திய வறுமை ஒழிப்புத் திட்டமான ஜனசவியவின் இடத்துக்கு வந்தது. கடைசிக் காலத்தில் வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பார்த்து 1,900, 3,200, 4,500 ரூபா என்று கொடுத்தார்கள். சமூகப் பாதுகாப்பு நிதி, கட்டாயச் சேமிப்பு என்று கழிந்தது போக மிச்சம்தான் கைக்கு வந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதில் சமுர்த்தி உத்தியோகத்தரின் சொல்லுக்குப் பெரிய இடம் இருந்தது. அவருக்கு ஊர் தெரியும், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் தெரியும். அவருக்கு வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்பது ஊருக்கும் தெரியும்.

அஸ்வெசும 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலை 1 இலிருந்து நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் நான்கு பிரிவு: நிலைமாறும் குடும்பங்களுக்கு மாதம் 2,500, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு 5,000, வறியவர்களுக்கு 8,500, மிக வறியவர்களுக்கு 15,000 ரூபா. 2025 ஜனவரியில் வறியவர்களுக்கு 10,000 ஆகவும், மிக வறியவர்களுக்கு 17,500 ஆகவும் கூட்டினார்கள். முதல் இரண்டு பிரிவும் குறுகிய காலத்துக்கானவை. காலக்கெடு முடிந்து நின்ற காசை, யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து விதானையாருடன், அதாவது கிராம அலுவலருடன், சண்டைக்குப் போவது இங்கே சாதாரணம். பிரதேச செயலகத்துக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது ‘என் பிரிவு எது, அது எந்தத் திகதி வரைக்கும்?’ என்பதுதான். ‘காசு ஏன் வரவில்லை?’ என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பழைய சமுர்த்திப் பெயர் தானாகப் புதிய பட்டியலுக்கு மாறவில்லை. எல்லோரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், வீடு தேடி வருகிறவர் விவரம் எடுக்க வேண்டும், அதன் பிறகு புள்ளி போடப்படும். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று 6 துறைகளில் 22 சுட்டிகளை, அதாவது அளவுகோல்களை, வைத்துக் கணினிதான் கணக்குப் போடுகிறது. இதில் விவரம் எடுக்க வருகிறவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. அவரிடம் அழுதும் பயனில்லை, அவரைக் கோபித்தும் பயனில்லை. விவரம் பதியும் கருவியில் அவர் எதை அழுத்துகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவர் வருகிற நாளில் மேசையில் இருக்க வேண்டியவை: வீட்டில் உள்ள எல்லோருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, கடைசி மின்பட்டியல், காணி உறுதி அல்லது பேமிற் (காணி அனுமதிப் பத்திரம்), நீண்டகால நோயாளி இருந்தால் கிளினிக் கொப்பி, மாற்றுத்திறனாளி இருந்தால் வைத்தியச் சான்றிதழ். கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டாமல் ‘அப்பாவுக்குச் சலரோகம்’ என்று வாயால் சொன்னால் பதியப்படலாம், பதியப்படாமலும் போகலாம். அதை அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது. எழுதி முடித்ததும் பதிந்ததை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பத் தொடரிலக்கத்தை வேறு இடத்தில் குறித்து வையுங்கள். பிறகு எங்கே போனாலும் அதையும் அடையாள அட்டை இலக்கத்தையும்தான் கேட்பார்கள்.

இனி யாழ்ப்பாணத்துக்கென்றே உள்ள சிக்கல்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா உதவியில் கட்டிய வீடுகளை எடுத்துக்கொள்வோம். சீமெந்து நிலம், கல் சுவர், நல்ல கூரை, மலசலகூடம் எல்லாம் உண்டு. உள்ளே இருப்பவர் கணவனை இழந்து, நாட்கூலிக்கு வெங்காயம் நடப் போகிற பெண்ணாக இருக்கலாம். சுட்டி பார்ப்பது சுவரையும் நிலத்தையும்தான். அந்த வீட்டைக் கட்டி முடிக்கப் பட்ட கடன் அதற்குத் தெரியாது. இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இது என்பது எங்கள் கருத்து. போரில் எல்லாம் இழந்து மீளக் குடியேறிய ஊர்களில், நன்கொடையாகக் கிடைத்த வீடே அடுத்த உதவிக்குத் தடையாகிறது. வீட்டின் நிலையை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. வருமானம், தங்கியிருப்போர், நோய், தனித்து வாழும் தாய் ஆகிய மற்றப் பகுதிகள் ஒன்றும் விடுபடாமல் நிரம்பியிருக்கின்றனவா என்பதைத்தான் கவனிக்கலாம்.

அடுத்தது சீதன வீடு. மகளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் தாய் தகப்பனும் இருப்பார்கள், மகள் குடும்பமும் இருக்கும். இரண்டு சமையல், இரண்டு செலவு, ஒரே மின்மானி. குடும்ப அட்டையில் எல்லோரும் ஒன்றாக இருந்தால், மருமகனின் சம்பளம் மாமனாரின் கணக்கிலும் ஏறிவிடும். உண்மையாகவே தனித்தனியாக வாழ்கிறவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே விதானையாரிடம் போய்ப் பதிவைப் பிரித்து வைக்க வேண்டும். விவரம் எடுக்க வருகிற அன்று வாசலில் நின்று விளக்கிச் சரிப்பண்ண முடியாது. மின்மானி இரு குடும்பத்துக்கும் பொது என்றால் அதையும் சொல்ல வேண்டும். மின் பாவனையும் ஒரு சுட்டி என்பதால் பக்கத்து அறைக் குளிர்சாதனப் பெட்டி உங்கள் புள்ளியைக் குறைக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் இன்னும் கிடந்தால் அதையும் நேராக்குங்கள். அவர் காசு அனுப்புகிறார் என்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும். பட்டியல் வெளியான பிறகு யாரும் ஆட்சேபனை போடலாம், ஒழுங்கையில் நடப்பது ஒழுங்கைக்குத் தெரியும். அனுப்பாத பிள்ளையின் கதைதான் கஷ்டம். கனடாவில் மகன் இருக்கிறான் என்றாலே காசு வருகிறது என்று எழுதிவிடுகிற மனநிலை இங்கே உண்டு. வங்கிப் புத்தகத்தைக் காட்டி மறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. காணியிலும் இதே பிரச்சினைதான். நான்கு சகோதரரின் பெயரில் பிரிக்காமல் கிடக்கும் பங்குக் காணியை முழுக்கத் தன்னுடையது என்று பெருமைக்குச் சொல்லிவிட்டு, பிறகு மேன்முறையீடு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை பரப்பு என்பதோடு, அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்.

வங்கிப் பகுதிக்கு வருவோம். தொடங்கும்போது கணக்குத் திறக்கக் கொடுத்த வங்கிகள் இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி ஆகிய நான்கும். காசு நேரே கணக்கில் விழுகிறது, இடையில் ஆளில்லை, கழிவில்லை, கூட்டத்துக்கு வரவில்லை என்று பிடித்து வைக்க ஒருவரும் இல்லை. சமுர்த்தியோடு ஒப்பிட்டால் இதுதான் உண்மையான முன்னேற்றம். ஆனால் பெயர் பொருந்த வேண்டும், இங்கேதான் யாழ்ப்பாணத்துப் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் இருக்கும், கலியாணத்துக்குப் பிறகு திறந்த வங்கிக் கணக்கில் கணவன் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்பது கணினிக்குத் தெரியாது. பழைய கணக்கைத் திருத்தி மினைக்கெடுவதைவிட, அடையாள அட்டையில் உள்ள பெயர் அப்படியே வரும்படி புதிதாக ஒரு தனிக் கணக்குத் திறப்பது விரைவான வேலை. கூட்டுக் கணக்கைக் கொடுக்காதீர்கள். நெடுநாள் பாவிக்காமல் கிடந்த கணக்கையும் கொடுக்காதீர்கள்.

அடையாள அட்டை இலக்கமும் ஒரு தொல்லை. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். 851234567வி என்பது புதியதில் 198512304567 ஆகும். முன்னால் 19 சேர்கிறது, கடைசி நான்கு இலக்கத்துக்கு முன்னால் ஒரு பூச்சியம் புகுகிறது, எழுத்துப் போய்விடுகிறது. வங்கியில் பழையதும் விண்ணப்பத்தில் புதியதும் இருந்தால் வங்கிக்குப் போய்ப் புதுப்பித்துவிட்டே மற்ற வேலையைப் பாருங்கள். கணக்கிலக்கத்தையும் கையால் எழுதிக் கொடுக்க வேண்டாம். மக்கள் வங்கிக் கணக்கிலக்கம் 15 தானம், அதில் ஒரு பூச்சியம் விடுபட்டால் போதும், காசு வந்து சேராது. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள்.

தீவுப்பகுதிக்காரர் கிளையைத் தெரிவுசெய்வதில் யோசிக்க வேண்டும். நெடுந்தீவில் இருந்து குறிகாட்டுவானுக்குப் படகு, அதற்குப் பிறகு பஸ் என்று வருகிறவருக்கு யாழ் நகரக் கிளையில் கணக்கு இருப்பது பெரிய வசதியில்லை. எப்படியும் போய்வருகிற இடத்தில் உள்ள கிளையே நல்லது. இது அற்பமாகத் தெரியலாம். மாதாமாதம் போய்வரும் செலவு அந்தக் காசிலிருந்துதான் போகிறது. கடவு இலக்கம், ஓ.டி.பி கேட்டுப் போன் வந்தால் கொடுக்காதீர்கள். அஸ்வெசும ஒப்பீஸ் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

வயோதிபர் கொடுப்பனவில் ஒரு மாற்றம் பலருக்குப் பிடிக்கவில்லை, நியாயமும் இருக்கிறது. 70 வயது தாண்டியவருக்கு முன்பு தபாலகத்தில் கையில் கொடுத்தார்கள். அஸ்வெசும பெறும் குடும்பத்தில் அது இப்போது குடும்பத்தின் அஸ்வெசுமக் கணக்கோடு சேர்ந்து விழுகிறது. 2025 இல் அந்தத் தொகை 5,000 ரூபா ஆகியது. அந்தக் காசு மகனின் கணக்கில் விழுந்தால், அம்மாவுக்கு வெற்றிலைக்குக்கூட கேட்டு வாங்க வேண்டியிருக்கும். மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோரின் கொடுப்பனவுகள் தனியானவை, அவை 2025 இல் 10,000 ஆக உயர்ந்தன. குடும்பத்துக்கு அஸ்வெசும கிடைக்காவிட்டால் இவையும் இல்லை என்று நினைத்து இருந்துவிட வேண்டாம், பிரதேச செயலகத்தில் தனியாக விசாரியுங்கள்.

சமுர்த்தி வங்கியில் இருந்த சேமிப்பும் கடனும் அங்கேயே இருக்கின்றன. அஸ்வெசும வந்ததால் கடன் தள்ளுபடியாகவில்லை. புதிய கொடுப்பனவு வேறு வங்கிக்குப் போவதால், தவணைக்குத் தவணை நேரில் போய்க் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் பிணை நின்ற குழுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பட்டியலில் பெயர் இல்லை, அல்லது பிரிவு குறைந்துவிட்டது என்றால் மேன்முறையீடு. இணையத்திலும் போடலாம், பிரதேச செயலகத்தில் உள்ள நலன்புரி நன்மைகள் தகவல் பிரிவிலும் போடலாம், சந்தேகங்களை 1924 இல் கேட்கலாம். அலுவலகத்துக்கு நேரே போவதையே நாங்கள் சிபாரிசு செய்கிறோம். அங்கே திரையில் உங்கள் பதிவைத் திறந்து பார்க்கலாம், எது பிழை என்று தெரியும். ‘நாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம், கருணை காட்டுங்கள்’ என்று இரண்டு பக்கம் எழுதுவது வேலைக்கு ஆகாது. எந்தச் சுட்டி பிழையாகப் பதியப்பட்டது, சரியானது என்ன, அதற்குச் சான்று எது என்று மூன்றே வரி போதும். உதாரணத்துக்கு: ‘வாகனம் உண்டு எனப் பதியப்பட்டுள்ளது, மோட்டார்சைக்கிள் விற்கப்பட்டது, உரிமை மாற்றப் பத்திரத்தின் பிரதி இணைப்பு.’ காலக்கெடு அறிவிக்கப்பட்டால் அதற்குள் போட வேண்டும், ஏற்றுக்கொண்டதற்கு ஒரு பற்றுச்சீட்டோ இலக்கமோ வாங்காமல் வரக்கூடாது. விண்ணப்பம் இலவசம். கொமினிகேஷன் கடையில் படிவம் நிரப்பிக் கொடுத்ததற்குக் காசு கொடுக்கலாம், ‘பெயரை ஏற்றித் தருகிறேன்’ என்று கேட்கிறவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். புள்ளியை மாற்ற அவரால் முடியாது.

கிடைக்கத் தொடங்கிய பிறகும் விவரத்தைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கச் சொல்லுவார்கள். பிறப்பு, இறப்பு, கலியாணம், பிள்ளை வேலைக்குப் போனது, ஆள் வெளிநாடு போனது எல்லாம் அதில் வரும். அறிவித்தல் விதானையார் ஒப்பீஸ் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும், போனில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். புதுப்பிக்காதவரின் கொடுப்பனவு நிற்கும். நின்ற பிறகு மறுபடி தொடங்க எடுக்கும் காலத்தை ஒரு அலுவலரும் உறுதியாகச் சொல்லமாட்டார்.