கப்பலா, விளக்குக் கூடா, நட்சத்திரமா? காகிதத்தில் முப்பரிமாணம் கற்பித்தல்

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பரிமாண வடிவத்தைக் காகிதத்தின் வழியாகக் கற்பிக்க, ஐப்பசி முதல் மார்கழி வரையிலான காலம் மூன்று வேலைகளைத் தானாகவே கொண்டுவந்து தருகிறது: மழைக்குக் கப்பல், கார்த்திகைக்கு விளக்குக் கூடு, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம்.

கப்பலுக்குப் பழைய செய்தித்தாள் போதும். கத்தரிக்கோலும் பசையும் வேண்டாம். எனினும் கடைசியில் இரு முனைகளையும் பிடித்து இழுக்கும்வரை அது தட்டையாகவே இருக்கிறது. அதுவரை பிள்ளைகள் மடிப்பின் வரிசையை மனப்பாடமாகத் தொடர்கிறார்களே தவிர, வடிவத்தைப் பற்றி எதையும் தீர்மானிப்பதில்லை.

விளக்குக் கூடு அந்தத் தீர்மானத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறது. ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பு விளிம்பில் தொடங்கி, ஒன்றுக்கொன்று இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டிக்கொண்டே போய், எதிர் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்பாக நிறுத்தி, பிரித்துச் சுருட்டி ஒட்டினால், ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை கிடைக்கும். மேலிருந்து மெல்ல அழுத்த அழுத்த அதன் வயிறு புடைக்கிறது. எவ்வளவு அழுத்துவது என்பது அவரவர் விருப்பம் என்பதால், வகுப்பில் எந்த இரண்டு கூடுகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. சுற்றிப் பார்க்கவும், உள்ளே இருக்கும் வெற்றிடத்தைக் காணவும் இதைவிட எளிய பொருள் இல்லை. (அகல் விளக்கை மட்டும் உள்ளே வைக்க விடக் கூடாது.)

இருந்தும் என் தேர்வு நட்சத்திரம்தான். ஐந்து முனை நட்சத்திரத்தை அட்டை அச்சு வைத்து வரைந்து, நடுப்புள்ளியிலிருந்து பத்துக் கோடுகளையும் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறச் செய்ய வேண்டும். முனைகளுக்குப் போகும் ஐந்து கோடுகள் மேடாகவும், இடுக்குகளுக்குப் போகும் ஐந்து கோடுகள் பள்ளமாகவும் மடிய வேண்டும். பலரும் முதல்முறை எல்லாவற்றையும் ஒரே பக்கமாக மடித்துவிடுவதால் தாள் எழும்பாமல் முறுக்கிக்கொள்ளும். ஒரு கோட்டை மாற்றி மடித்தவுடன் பக்கத்துக் கைகளும் சேர்ந்து எழுவதைக் கண்டு அவர்களே திருத்திக்கொள்வார்கள். பிறகு அதைச் சன்னல் ஓரமாகப் பிடித்தால், ஒரே வெள்ளைத் தாளில் ஒவ்வொரு கையின் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி மங்கியும் தெரியும். தளம் திரும்பினால் ஒளி மாறும் என்பதைக் கரும்பலகையில் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது. இந்த நிலையில் அது புடைப்புச் சிற்பம். இரண்டை முதுகோடு முதுகு ஒட்டினால் முழுச் சிற்பம்.

குறைகளும் உண்டு. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் மழைக்கால ஈரத்தில் தொய்ந்துபோகும் என்பதால் 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரையிலான தாள் வேண்டும். அதற்கு மேல் தடித்தால் சிறு விரல்களுக்கு மடியாது. விளக்குக் கூடு ஒரே பாடவேளையில் முடிந்துவிட, நட்சத்திரத்துக்கு இரண்டு வேண்டும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு குறுக்கே வருவதால், மாதத் தொடக்கத்திலேயே முதல் மடிப்பைப் போட்டுவிடுவது நல்லது. ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்குமென்றால் விளக்குக் கூட்டையே எடுத்துக்கொள்ளலாம்.