வடசென்னை வாக்காளர் பார்வையில் ஆண் வேட்பாளரும் பெண் வேட்பாளரும்

ஆண் வேட்பாளர் ஓட்டு கேட்டு வந்தால் தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் முதல் கேள்வி, எந்தக் கட்சி என்பதுதான். பெண் வந்தால் அப்புறம் இன்னொன்றும் கேட்பார்கள்: வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இதே வடசென்னையில்தான் ஆர்.கே.நகர் மக்கள் 2015 இடைத்தேர்தலிலும் 2016-லும் ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்தார்கள். பெரிய தலைவர் என்றால் பெண் சரி, கவுன்சிலர் என்றால் மட்டும் கணவரைத் தேடுவதா? தண்ணீர் லாரி வராதபோதும் சாக்கடை அடைத்தபோதும் தெருப் பெண்கள் கூச்சமில்லாமல் போய்ப் பேசுவது பெண் கவுன்சிலரிடம்தான்.

மாநகராட்சியில் பெண்களுக்குப் பாதி ஒதுக்கீடு. 2022-ல் 74-வது வார்டின் பிரியா மேயரானார். ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்துக்கு 2021-ல் ஜெயித்த பெண்கள், 234 பேரில் 12 பேர். இதற்கு வாக்காளரைவிட, சீட்டு கொடுக்காத கட்சிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.