10×50 பைனாகுலரும் தெற்கத்தி நெபுலாவும்: ஒரு வருச அனுபவம்

பைனாகுலர் வாங்கலாமா, டெலஸ்கோப் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கரினா நெபுலாவைத்தான், தெற்கு வானத்தில் ஒளிரும் ஒரு வாயு மேகம். பங்குனி அமாவாசையை ஒட்டி, ராத்திரி பத்து மணி சுமாருக்கு, நேர் தெற்கே. பார்த்து முடித்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பதில்லை.

எங்களுக்கு ஊதியூருக்கும் தாராபுரத்துக்கும் நடுவே தேங்காய்க் களம் இருக்கிறது. கொப்பரை காயப்போடும் சிமெண்ட் தளம், சுற்றிலும் மேய்ச்சல் காடு, கிளுவை வேலி. ஊதியூர் மலை வடக்கே நிற்பதால் காங்கேயத்து வெளிச்சம் பாதி மறைந்துவிடும். தெற்கே தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ராத்திரி காவலுக்கு யாராவது ஒருத்தர் படுக்க வேண்டும். அந்த முறை எனக்கு வந்ததிலிருந்துதான் இந்த வானம் பார்க்கும் பழக்கம்.

முதலில் வாங்கியது பைனாகுலர் இல்லை. பெட்டியில் ஐந்நூறு மடங்கு பெரிதாக்கும் என்று அச்சடித்த ஒரு சின்ன டெலஸ்கோப். எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். நிலாவைப் பார்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கால்கள் ஈர்க்குச்சி மாதிரி. ஃபோகஸ் திருகைத் தொட்டால் நட்சத்திரம் குதிக்கும், அது நிற்பதற்குள் வானம் நகர்ந்துவிடும். கரினா நெபுலா அதற்குள் முழுசாக அடங்கவே இல்லை. அந்த நெபுலாவின் அகலம் ஏறத்தாழ இரண்டு டிகிரி, நாலு முழுநிலாவை வரிசையாக வைத்த அளவு. சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துத் தேர் பார்த்த மாதிரி ஆயிற்று.

அப்புறம்தான் 10×50. நான் வாங்கியபோது விலை பன்னிரண்டாயிரம் ரூபாய். இந்த மதிப்பீடு ஒரு கம்பெனிக்கு இல்லை, இந்த அளவுக்கு. பத்து என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. ஐம்பது என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். ஐம்பதைப் பத்தால் வகுத்தால் ஐந்து. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அந்த ஐந்து மில்லிமீட்டர்தான். நாற்பதைத் தாண்டிய நம் கண்மணி இருட்டில் விரிவதும் பெரும்பாலும் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். ஆக வரும் வெளிச்சம் வீணாகாமல் உள்ளே போகிறது. காட்சிப் பரப்பு என்னுடையதில் ஆறரை டிகிரி. நெபுலாவும் அதன் அக்கம்பக்கமும் ஒரே பார்வையில் அடங்குவதற்கு இந்த அகலம்தான் காரணம். மங்கலாகப் பரந்து கிடக்கும் பொருளுக்கு உருப்பெருக்கத்தைவிட இது முக்கியம்.

ஆன்லைனில் வரவழைத்த முதல் ஜோடி சரியில்லை. தூரத்து மின்கம்பத்துப் பீங்கான் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும். திருப்பி அனுப்பிவிட்டு, கோயமுத்தூரில் கடைக்கே போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கினேன். கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று: பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான பக்கம் திருப்பி, கண் வைக்கும் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு வெளிச்ச வட்டம் மிதக்கும். அது முழு வட்டமாக இருந்தால் உள்ளே நல்ல பட்டகம். ஓரங்கள் சாம்பல் நிறத்தில் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் மட்டமானது. கண்ணாடி ரத்தச் சிவப்பாக மின்னுவதையும், ஜூம் வைத்ததையும் தொடவே வேண்டாம்.

இப்போது நெபுலா. பங்குனியில் ஒன்பது மணிக்கு அகத்தியர் நட்சத்திரம் தென்மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும், தென்கிழக்கே தென்சிலுவை என்ற நட்சத்திர மண்டலம் சாய்ந்து எழும்பியிருக்கும். நெபுலா இரண்டுக்கும் நடுவே. சிலுவையிலிருந்து வலப்பக்கம், நீட்டிய கையின் முஷ்டியால் ஒன்றே கால் முஷ்டி அளந்து போனால் போதும். நம் ஊரில் அது உச்சத்தில் இருக்கும்போதே அடிவானத்திலிருந்து 19 டிகிரி உயரம்தான், இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் தெற்கே தென்னை மறைக்காத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் அனுபவத்தில் தெரிந்தது. நாள் முழுக்க வெயில் குடித்த சிமெண்ட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் கொதிப்பை விட்டுக்கொண்டே இருக்கும். களத்தின் வடக்கு ஓரத்தில் உட்கார்ந்து தளத்துக்கு மேலாகத் தெற்கே பார்த்தால் நட்சத்திரமெல்லாம் நெளியும். தெற்கு ஓரத்துக்குப் போய், காட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது.

பைனாகுலர் முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும், கை நடுங்கத்தான் செய்யும். கொப்பரை மூட்டை இரண்டை அடுக்கி, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, முழங்கை இரண்டையும் மூட்டைமேல் ஊன்றிக்கொள்வேன். நெபுலா தாழ்வாக இருப்பதால் கழுத்தை அண்ணாக்க வேண்டியதே இல்லை. இந்த வசதி வேறு எந்த நெபுலாவிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில் ஒரு வெளுப்புத் திட்டு. கண்ணை நகர்த்தாமல் சித்தெ நேரம் வைத்திருந்தால் திட்டுக்குள் பிளவு தெரியும். இருண்ட வாய்க்கால் ஒன்று ‘வி’ வடிவில் குறுக்கே ஓடி, வெளிச்சத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது. நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஒதுக்கிப் பார்த்தால் துண்டுகளின் ஓரம் இன்னும் விரிகிறது. நடுவில் லேசான ஆரஞ்சு சாயலோடு ஒரு நட்சத்திரம், ஈட்டா கரினே. இடப்பக்கம், அதே வட்டத்துக்குள், உப்பைக் கொட்டிய மாதிரி ஒரு நட்சத்திரக் கூட்டம், வானியல் பட்டியலில் அதன் பெயர் என்ஜிசி 3532. அம்மாயியை உட்காரவைத்துக் காட்டினேன். இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருக்கிறது. ரொம்ப நேரம் பேசவில்லை. “எருக்கம்பஞ்சு வெடிச்சுப் பறக்குமல்லோ, அது கம்பியில சிக்கி நிக்கிற மாதிரி இருக்குது கண்ணு” என்றது. நானும் எத்தனையோ வார்த்தை தேடியிருக்கிறேன், இதைவிடச் சரியாக எனக்கு அமையவில்லை.

நிறம் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களில் செம்மண் மலைமுகடு மாதிரி ஒன்று எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே, அது இந்த நெபுலாவின் ஒரு ஓரம்தான். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். வாயுவில் உள்ள ஹைட்ரஜன் விடுவது ஆழ்ந்த சிவப்பு, இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிவப்பு உறைக்காது. சாம்பல் வெளுப்புதான் வரும். ஆனால் அந்தச் சாம்பல் சுமார் 7,500 ஒளியாண்டு கடந்து நேராக நம் கண்ணுக்குள் வந்து விழுந்தது. எந்தப் படமும் அதைத் தராது.

இதைக் கண்டுபிடித்த கதை தெரிந்த பிறகுதான் இந்தப் பைனாகுலர் மேல் எனக்கு மரியாதையே வந்தது. லண்டனிலோ பாரிஸிலோ இந்த நெபுலா அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஓரியன் நெபுலாவை ஐரோப்பாவில் 1610லேயே டெலஸ்கோப்பில் பார்த்துக் குறித்துவிட்டார்கள். அதைவிடப் பெரிதான இதற்கு 1752 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அந்த ஹாலி 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து ஈட்டா கரினேயைப் பட்டியலில் சேர்த்தார். நெபுலாவைக் கண்டுபிடித்த பெயர் பிரெஞ்சுப் பாதிரியார் நிக்கோலா லூயி த லகாய்க்குப் போயிற்று. அவர் 1751இல் கேப் டவுனில் இறங்கி, ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் கருவியை நிறுத்தி, ஏறத்தாழப் பத்தாயிரம் நட்சத்திரங்களை அளந்தார். அந்தக் கருவியில் இருந்த டெலஸ்கோப்பின் முன்கண்ணாடி அரை அங்குலம்தான்! எட்டு மடங்கு பெரிதாக்கும். என் பைனாகுலரின் ஒரு குழாயே அதைப்போல் பதினைந்து மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. கொல்லைப்புறமும் அரை அங்குலக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் 42 நெபுலா, கூட்டங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். ஆர்கோ என்ற பெரிய கப்பல் மண்டலத்தைத் துண்டாக்கி, அடிக்கட்டைக்குக் கரினா என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

பிறகு ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் அதே கேப் டவுன் பக்கம் வந்தார். நெபுலாவுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைக் குறித்து வரைபடம் தயாரித்தார். 1837 டிசம்பரில் ஈட்டா திடீரென்று பிரகாசமானதைப் பார்த்தவரும் அவரே. 1843 மார்ச்சில் அது, இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்கு அடுத்த இடத்துக்கு ஏறியது. அதே மாதம் பெரிய வால்நட்சத்திரம் ஒன்றும் வானத்தில் நீண்டு கிடந்தது. எங்கள் அப்பாருக்கு அப்பாரு காலமோ, அதற்கும் முந்தியதோ. பட்டி காக்க வெளியில் படுத்தவர்கள் கண்ணில் இரண்டுமே பட்டிருக்கும். என்ன பேசிக்கொண்டார்களோ. அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

குறைகள்: கண்ணாடி போட்டவர்களுக்கு ஓரம் வெட்டுப்படும். தூரப்பார்வைக் கோளாறு மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் வைத்துக்கொள்ளலாம். சாய்வுக் குறைபாடு (கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்று எழுதுவது) அதிகம் உள்ளவர்கள் கண்ணாடியோடு பார்த்துச் சோதித்த பிறகே வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே பூசணம் பிடிக்கும், மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். களத்துத் தூசியை வேட்டி நுனியால் துடைத்து என் இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. பம்ப்பால் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய துணியைத் தொடுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பிப் பார்த்துவிடாதீர்கள், குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள், கண் போய்விடும்.

“நிலாவைக் காட்டுறயோ இல்லையோ, இத்தன ரூவா போட்டயா மாப்ளே?” என்று மூலனூர் மாமா முதல் நாள் கேட்டார். போன வாரம் போன் செய்து, சித்திரை அமாவாசைக்கு நெபுலா எத்தனை மணிக்கு உச்சியில் இருக்கும் என்று விசாரித்தார். எட்டரைக்கெல்லாம் வந்துவிடும், சாப்பிட்டுவிட்டு நேராகக் களத்துக்கு வந்துவிடுங்க மாமா, பவுர்ணமிக்கு மட்டும் வராதீங்க என்றேன். மூட்டை இரண்டைத் தெற்கு ஓரத்திலேயே போட்டுவைத்திருக்கிறேன்.