45,000 ரூபாய் போச்சு: பிளான் அப்ரூவலுக்கு ஆள் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

திங்கட்கிழமை வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த மேடம் என் பிளான் அப்ரூவல் (வீட்டு வரைபட அனுமதி) தாளில் இருந்த கியூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், இது உங்க பேர் இல்லையே?" வேறு யாரோ ஒருவர் பெயர், வேறு சர்வே எண். தாளில் அச்சடித்திருந்ததில் மட்டும் என் பெயர். அந்தத் தாளுக்கு நான் கொடுத்தது 45,000 ரூபாய்.

கடை பெயர் வேண்டாம். மாநகராட்சி அலுவலகத்தைச் சுற்றி 'பிளான் அப்ரூவல், பட்டா மாற்றம்' என்று போர்டு வைத்திருப்பார்களே, அதில் ஒன்று.

நான் கட்டப்போவது 1,100 சதுர அடி, தரைத்தளம் மட்டும். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையிலேயே அடங்கிவிடும். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500க்குள், அதிகபட்சம் ஒரு மாடி என்றால் ஒற்றைச்சாளர இணையதளத்தில் நாமே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம், அனுமதி உடனே வரும். தெரிந்தும் அந்தக் கடைக்குப் போனேன். வரைபடத்தை ஏற்றும்போது இரண்டு முறை சிக்கியது, பொறுமை போய்விட்டது.

கடைக்காரர் முதலில் அட்வான்ஸே வாங்கவில்லை. பர்ஸை எடுத்த என் கையைப் பிடித்து, "முதல்ல வேலை முடியட்டும்ணே" என்றார். பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, பட்டாவில் உட்பிரிவு எண் ஒத்துப்போகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். அங்கேயே விழுந்துவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் போன். "டிமாண்ட் வந்துருச்சுண்ணே, நைட்டுக்குள்ள கட்டணும்." அனுமதிக் கட்டணம் கட்டச் சொல்லி வந்திருக்கிறதாம். 30,000 கட்டணம், 15,000 'உள்ளே கொடுக்க'. ஜிபேயில் அனுப்பினேன். முன்கூட்டிக் கள ஆய்வே இல்லாத முறையில் உள்ளே யாருக்குக் கொடுப்பது? இதுகூட உறைக்கவில்லை, அதுதான் வயிறு எரிகிறது.

திங்கள் மதியமே கடைக்குப் போனேன். "சர்வர்ல மாறிக் காட்டுதுண்ணே, நாளைக்குச் சரியாயிடும்." செவ்வாய், "வேற பிரிண்ட் எடுத்துத் தர்றேன்." புதன், போன் எடுக்கவில்லை. இன்று கடையில் இருந்த பெண், "சார் ஊர்ல இல்ல" என்றார், தலையே நிமிராமல். என் 45,000க்கு ரசீது கேட்டால், "அது சாருக்குத்தான் தெரியும்."

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், மூளை ஓடவில்லை. விண்ணப்பத்தில் உங்கள் போன் நம்பரைப் போடுங்கள், ஓடிபி உங்களுக்கு வரட்டும். பணத்தை இணையதளத்தில் மட்டும் கட்டுங்கள், யார் ஜிபேக்கும் அனுப்பாதீர்கள். தாள் கைக்கு வந்ததும் அங்கேயே ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம், சுயசான்று என்றால் பொய்த் தகவலுக்கும் பொறுப்பு நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) வாங்க வேண்டும். கிளம்புகிறேன்.