சௌ கிட் பக்கம் ஒரு மாடிக்கூடம்: வீடில்லாமல் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு

கோலாலம்பூர் சௌ கிட்டில், வீடில்லாமல் பிள்ளை வளர்ப்பவர்களுக்குப் பகலில் பிள்ளை வளர்ப்பு சொல்லிக்கொடுக்கும் ஒரு மாடிக்கூடத்தைப் பற்றித்தான் இது. இடத்தின் பெயரைப் போடவில்லை. அங்கு வரும் அக்காமார்களில் சிலர் அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்தவர்கள். அதனால் முகவரி வெளியே போக வேண்டாம் என்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டார்கள். கடைவீட்டின் மேல்மாடி, சௌ கிட் வட்டாரம், அவ்வளவுதான். ராத்திரியில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க வருபவர்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

வீடில்லாதவர் என்றால் எல்லாருக்கும் அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், அட்டை விரித்துப் படுத்திருக்கும் ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். சின்னப் பிள்ளை இருக்கிற குடும்பம் பெரும்பாலும் அங்கே இருக்காது. கூட்டாளி வீட்டு ஹால், பழைய கார், விடிய விடிய திறந்திருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடை, இல்லாவிட்டால் எங்களைப் போல நாள் வாடகை ரூம். பிபிஆர் என்கிற அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடி வீட்டுக்கு மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்). எங்கள் ரூமுக்கு ஒரு நாளைக்கு 65. இரண்டு ராத்திரிக்கே கணக்கு தாண்டிவிடுகிறது. ஆனால் முன்பணம் கேட்காமல் சாவி கொடுப்பவன் ரூம்காரன் மட்டும்தானே.

மாடிக்கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தரை. சிரிக்காதீர்கள். சின்னவனுக்கு ஒன்பது மாதமாகியும் தவழவில்லை. அங்கே சொல்லிக்கொடுக்கும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "தரையில விடுறீங்களா தம்பி?" எங்கே விடுவது? ரூம் தரையில் சிகரெட் துண்டு, கரப்பான். அதனால் அவன் எந்நேரமும் கட்டிலில், இல்லாவிட்டால் இடுப்பில். அங்கே மெத்துமெத்தென்று பாய் விரித்து, அவனைக் குப்புறப் போட்டு, எட்டாத தூரத்தில் பால்டின் மூடியை வைத்தார். முதலில் பின்பக்கமாகத்தான் நகர்ந்தான். மூடியைப் பார்த்தபடியே அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தான், கோபம் கோபமாக. நிறையப் பிள்ளைகள் முதலில் அப்படித்தான் நகரும் என்றார். இப்போது அவனைப் பிடிக்க முடியவில்லை.

நாலு வயது மகள் படுக்கையை நனைக்க ஆரம்பித்திருந்தாள். ரூம்காரன் மெத்தைக்குக் காசு கேட்பானே என்ற பயத்தில் அதட்டிக்கொண்டிருந்தோம். அதட்டினால் இன்னும் கூடும், இடம் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளைகளுக்கு இது வருவதுதான் என்று டீச்சர் சொல்லிவிட்டு, தண்ணீர் இறங்காத விரிப்பு ஒன்றைக் கையில் கொடுத்தார். ரூம் எதுவானாலும் தூங்கும் நேரத்து வரிசை மட்டும் மாறக் கூடாதாம்: பல் துலக்கு, ஒன்றுக்குப் போ, அதே சரோங், அதே பாட்டு. காசில்லாமல் செய்யக்கூடிய ஆலோசனை. பலிக்கவும் செய்தது, தினமும் இல்லை.

பால் கலக்குவதையும் காட்டினார்கள். தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது, கலந்ததை ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பால்மாவு விற்கிற விலையில் மிச்சத்தைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள் என்று அளவும் சொன்னார்கள்.

வெல்ஃபேர் பக்கம் போகவே எங்களுக்குப் பயம், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று. சமூகநல இலாகா பிள்ளைகளின் வயதைப் பொறுத்து மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. இதை அங்கேதான் தெரிந்துகொண்டோம். பாரத்தில் முகவரிக் கட்டத்தைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிற ஆட்கள் எத்தனை பேரோ. எங்களோடு ஒருவர் வந்து அதிகாரியிடம் பேசினார்.

குறைகளும் உண்டு. நாலு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறார்கள். பிள்ளைகள் ஆட்டம் போடுவதே அதற்குப் பிறகுதான், அந்த நேரத்தில் பக்கத்து ரூம்காரன் வேறு சுவரைத் தட்டுவான். இன்னொன்று, எல்லாமே அம்மாக்களுக்குத்தான். வந்திருந்த ஆண் நான் ஒருவன். பெம்பர்ஸ் அளவு பற்றி என்னைத் தாண்டி என் மனைவியிடம் கேட்கிறார்கள். பகலில் அவள் மாலில் கூட்டிப் பெருக்குகிறாள், சாயங்காலம் நான் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். பகல் முழுக்கப் பெம்பர்ஸ் மாற்றுபவன் நான்தான், ஐயா! தங்குமிடம் தேடியபோதும் இதே கதை. நாங்கள் கேட்ட இடத்தில் ஆண் ஒரு மாடி, பெண்ணும் பிள்ளையும் வேறு மாடி. பிரிந்து தூங்குவதற்கு ரூமே மேல் என்று திரும்பிவிட்டோம்.

வெளியிலிருந்து பேச வந்த ஒரு அம்மா, பிள்ளைக்கு அமைதியான மூலை ஒன்றை ஒதுக்குங்கள் என்று ஸ்லைடு போட்டார். எங்கள் ரூமில் மூலைகள் நாலு. ஒன்றில் மோட்டார் ஹெல்மெட்டும் டெலிவரிப் பையும், ஒன்றில் கெட்டில், ஒன்றில் துணி, நாலாவதில் கதவு. டீச்சரே சிரித்துவிட்டார்.

சலவை மெஷின் ஒன்றுதான், காலையிலேயே போய்ப் பெயர் எழுதிவிடுங்கள். மோட்டார் சைக்கிளைக் கடை முன்னால் நிறுத்தினால் சம்மன் வரும், பின் சந்தில் விடுங்கள்.